முகத்துக்கு எண்ணெய்: மரபும் ஆய்வும் சொல்வது

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கிச் சாலைக் கம்போளத்துக்குள் நுழைபவருக்கு, முகத்தில் பூசும் எண்ணெய் பல உருவங்களில் கிடைக்கும். பலசரக்குக் கடையில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி, சந்தனம், அத்திப்பட்டை. ஆயுர்வேத மருந்துக் கடையில் நால்பாமராதி, ஏலாதி, குங்குமாதி. அழகுசாதனக் கடையில் ஆர்கன், ஜோஜோபா, பாதாம் எண்ணெய்கள் அடைத்த சிறு குப்பிகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இந்தச் சந்தையில் தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கடை நடத்துகின்றன. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது என்பதால், நாகர்கோவில் வீட்டின் எண்ணெய்ப் பழக்கத்துக்கும் திருவனந்தபுரம் வீட்டின் பழக்கத்துக்கும் அதிக வேறுபாடு கிடையாது.

அண்மைக் காலத்தில் இந்த எண்ணெய்களை நோக்கி மக்கள் திரும்புவதற்கு ஓர் அச்சமும் காரணம். 2023இல் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்த பலர், பாதரசம் கலந்த வெளுப்பூட்டும் கிரீம்களைப் பூசி வந்தவர்கள் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆப்பரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் அழகுசாதனக் கடைகளைச் சோதனையிட்டது. கிரீம் என்றாலே பயம் வந்தபின், பாட்டி பூசிய எண்ணெயே பாதுகாப்பானது என்ற எண்ணம் வலுப்படுவது இயல்பு. அந்த எண்ணம் எவ்வளவு சரி? மரபு நூல்கள், தோலின் அமைப்பு, கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள், சந்தையின் தரம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால், ‘எந்த எண்ணெய் நல்லது’ என்று கேட்பதற்கு முன் ‘யாருடைய முகம், எந்தக் காற்று, எவ்வளவு நேரம்’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. விடை அந்த மூன்றைப் பொறுத்தே மாறுகிறது.

எண்ணெய் செய்யும் வேலை

எண்ணெயில் தண்ணீர் கிடையாது. எனவே வறண்ட தோலுக்கு அது ஈரம் கொடுக்காது; இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் தடுக்கும். தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் போன்ற அமைப்பு. இறந்த செல்கள் செங்கல். அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த சாந்து. சாந்து குறைந்தால் உள்ளே இருக்கும் நீர் காற்றில் ஆவியாகிறது, தோல் இழுக்கிறது, செதில் எழும்புகிறது. மேலே பூசும் எண்ணெய் இந்த இடைவெளிகளில் படிந்து தோலை மிருதுவாக்குகிறது; மெல்லிய படலமாக நின்று ஆவியாதலைக் குறைக்கிறது.

எண்ணெய் தோலை ஊடுருவி ஆழத்துக்குப் போகிறது என்று விளம்பரங்கள் சொல்வதுண்டு. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், லேசர் நுண்ணோக்கி வழியே பார்த்தபோது தாவர எண்ணெய்களும் பாரஃபின் எண்ணெயும் தோலின் மேலடுக்கின் முதல் சில வரிசைகளோடு நின்றுவிட்டன. நீரைத் தடுத்து நிறுத்துவதில் பெட்ரோலியம் ஜெல்லியே முன்னிலையில் இருந்தது. ஆழம் போகாதது எண்ணெய்க்குக் குறையும் இல்லை. அதன் வேலையே மேற்பரப்பில்தான்.

ஆகவே பூசும் நேரம் முக்கியமாகிறது. உலர்ந்து இறுகிய முகத்தில் பூசினால் எண்ணெய் பிடித்துவைக்க ஈரமே இராது. முகம் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் இன்னும் காயாத நிலையில் இரண்டு மூன்று சொட்டு போதும். கிரீம்களில் சேர்க்கும் கிளிசரின், தோலுக்குள் நீரை இழுத்துவைக்கும் பொருள். வெறும் எண்ணெயில் அப்படி எதுவும் இல்லாததால், கடுமையாக வறண்ட தோலுக்கு எண்ணெய் மட்டும் போதாது.

முகம் ஏன் வேறு

கால் தோலுக்குப் பொருந்துவது முகத்துக்கும் பொருந்தும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. கெண்டைக்காலில் அவை மிகக் குறைவு. முகம் தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே சுரந்துகொள்கிறது. பருவ வயதில் தேவைக்கு மேலும் சுரக்கிறது.

அதோடு காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. இந்தக் காற்றில் தோலிலிருந்து நீர் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். மொராக்கோவின் வறண்ட நிலத்தில் பிறந்த ஆர்கன் எண்ணெய்ப் பழக்கம் அங்கே அவசியத்தால் வந்தது. அதை அப்படியே இந்தக் கடலோரத்துக்குக் கொண்டுவரும்போது, நண்பகலில் வியர்வையோடு கலந்து பிசுபிசுப்பாக நிற்கிறது.

இதே ஊரில் இன்னொரு காற்றும் இருக்கிறது. கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் வேலை செய்பவர்கள் நாள் முழுவதும் ஏசி அறையில் இருக்கிறார்கள். குளிர்விக்கும்போதே ஏசி காற்றின் ஈரத்தையும் இறக்கிவிடுகிறது. வெளியே மழை பெய்யும் ஜூன் மாதத்திலும் இவர்களின் கன்னம் இழுப்பதும் உதடு வெடிப்பதும் இதனால்தான். ஒரே வீட்டில் கடைக்குப் போகும் தந்தைக்கும் ஐடி அலுவலகத்துக்குப் போகும் மகளுக்கும் வேறு வேறு அறிவுரை தேவைப்படுகிறது.

கொழுப்பு அமிலங்களின் கணக்கு

எண்ணெய்களைப் பிரித்தறிய உதவும் அளவுகோல் அவற்றின் கொழுப்பு அமிலங்கள். மூன்றின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும்: லாரிக், ஓலிக், லினோலிக்.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். இது சில பாக்டீரியாக்களை அடக்கும் தன்மை கொண்டது. எண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிக்காமல் இருப்பதற்கும் இத்தகைய நிறைவுற்ற அமிலங்களே காரணம். ஆலிவ் எண்ணெயிலும் பாதாம் எண்ணெயிலும் ஓலிக் அமிலம் பெரும்பங்கு. ஓலிக் அமிலம் சாந்து அடுக்கைக் குலைத்து, பிற பொருள்கள் தோலை ஊடுருவ வழிவிடும். மருந்துகளைத் தோலுக்குள் செலுத்த உதவும் பொருளாகவே ஆய்வகங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகுதி. தோல் தன் செராமைடுகளைக் கட்டுவதற்கு லினோலிக் அமிலம் தேவை. உடல் அதைத் தானே செய்துகொள்ளாது. உணவில் அது கிடைக்காத நோயாளிகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெயைத் தடவியே குறையைச் சரிசெய்யலாம் என்பது 1970களில் பதிவானது.

நல்லெண்ணெய் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓலிக்கும் லினோலிக்கும் அதில் ஏறத்தாழ சமம். ஒவ்வொன்றும் 40 சதவீதத்தைச் சுற்றி. செசமின், செசமோலின் போன்ற பொருள்கள் அது கெடாமல் காக்கின்றன. விளக்கெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். பிசின் போல் கெட்டியாக இருப்பதால் முகம் முழுவதும் பூச உகந்ததல்ல. வெடித்த உதட்டுக்கு நன்று. ஜோஜோபா வேதியியல்படி எண்ணெயே அல்ல, திரவ மெழுகு. முகம் சுரக்கும் எண்ணெயில் காற்பங்கு அளவுக்கு மெழுகுப் பொருள்கள் இருப்பதால், அதனோடு இது ஒத்துப்போகிறது.

ஆய்வுகள் காட்டியவை

பிலிப்பைன்ஸில் 2004இல் வெளியான ஆய்வில், வறண்ட தோல் கொண்ட 34 பேரின் கால்களில் இரண்டு வாரம் சுத்தத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் பூசிப் பார்த்தார்கள். ஈரத்தைக் கூட்டுவதில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. அதே நாட்டில் 2008இல், கரப்பான் நோயுள்ள பெரியவர்களிடம் தேங்காய் எண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் ஒப்பிட்டார்கள். தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி இருந்தவர்களில், தேங்காய் எண்ணெய் பூசிய 20 பேரில் ஒருவரிடமே அது எஞ்சியது. ஆலிவ் பூசிய 12 பேரில் 6 பேரிடம் எஞ்சியது. 2014இல் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், கரப்பானின் தீவிர மதிப்பெண் தேங்காய் எண்ணெயால் 68 சதவீதமும் மினரல் ஆயிலால் 38 சதவீதமும் குறைந்தது. வறட்சியும் கிருமித்தொற்றும் சேர்ந்த லேசான, நடுத்தரக் கரப்பானுக்குத் தேங்காய் எண்ணெய் உதவும் என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

ஆலிவ் எண்ணெய்க்கு எதிரான சான்று 2013இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்தது. 19 பேரின் முன்கையில் சில வாரங்கள் பூசியபோது தோலின் காப்புத்தன்மை குறைந்து லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய கையில் அப்படி ஆகவில்லை; ஈரமும் கூடியது. வங்கதேசத்தில் டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியதால் மருத்துவமனைத் தொற்றுகள் குறைந்தன. 2008இல் வெளியான கணக்குப்படி இறப்பும் 26 சதவீதம் குறைந்தது. எண்ணெயின் தேர்வு அழகு என்ற எல்லையைத் தாண்டி உயிர்வரை தொடும் விஷயம் என்பதை இந்தப் பிஞ்சுகளின் தோல் காட்டிற்று. ஆனால் இதை வைத்து எல்லாக் குழந்தைக்கும் எண்ணெய் காப்பு என்று சொல்லிவிட முடியாது. 2020இல் லான்செட் இதழில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், பிறந்ததிலிருந்து மென்மையூட்டிகளைப் பயன்படுத்தியும் கரப்பானைத் தடுக்க முடியவில்லை.

இந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று துலங்குகிறது. பூசிய இடம் கால், முன்கை, குழந்தையின் உடல். பூசியவர் பெரும்பாலும் வறட்சியோ கரப்பானோ உள்ளவர். பரு வரும் வயதினரின் கன்னமும் நெற்றியும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. தேங்காய் எண்ணெய் காலுக்கு நல்லது என்பது நிறுவப்பட்ட செய்தி. அதை முகத்துக்கு மாற்றிச் சொல்லும்போது நாம் ஊகத்தின் எல்லைக்குள் நுழைகிறோம்.

தீங்கு எங்கே வருகிறது

தலைமுடிக்குப் போடும் கொழுப்புப் பூச்சுகள் நெற்றியோரத்தில் பருவை வரவழைக்கின்றன என்பதை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் உடன் பணிபுரிந்தவர்களும் 1970இல் விவரித்தார்கள். நம் ஊரில் தலைக்கு வழிய எண்ணெய் வைத்து, அது நெற்றியில் இறங்கிப் பருவாகக் கிளம்புவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். எந்தெந்த எண்ணெய் துளையை அடைக்கும் என்று இணையத்தில் உலவும் மதிப்பெண் பட்டியல்கள் முயலின் காதில் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. முயல் காது மனித முகத்தைவிட எளிதில் அடைபடும் என்பதால் அந்த எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் பட்டியலில் மேலே நிற்கும் தேங்காய் எண்ணெயைப் பரு வரும் முகத்தில் இரவெல்லாம் விட்டுவைப்பது விவேகமல்ல.

இரண்டாவது தீங்கு கண்ணுக்குத் தப்பும். மூக்கின் ஓரத்திலும் புருவத்திலும் செதில் எழுந்தால் அதை வறட்சி என்று எண்ணி எண்ணெய் பூசுகிறோம். பல வேளை அது பொடுகோடு சேர்ந்த தோலழற்சி. அதற்குக் காரணமாகும் மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. ஆய்வகத்தில் அதை வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். எண்ணெய் பூசியதும் செதில் படிந்து ஒரு நாள் நன்றாகத் தெரியும். பிறகு இரட்டிப்பாகக் கிளம்பும்.

மூன்றாவது ஒவ்வாமை. நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைக் கரப்பான் வந்த குழந்தைகளின் தோலில் பயன்படுத்தியதற்கும் பின்னாளில் கடலை ஒவ்வாமை வந்ததற்கும் தொடர்பு உண்டு என்று 2003இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. வாசனைக்காகச் சேர்க்கும் நறுமண எண்ணெய்கள் இன்னொரு தொல்லை. எலுமிச்சை வகைத் தோல்களில் பிழிந்த எண்ணெய்களைப் பூசி வெயிலில் போனால் கருந்திட்டு விழும். மாநிறத் தோலில் ஒவ்வாமையின் சுவடு பெரும்பாலும் சிவப்பாக வராமல் கருமையாகப் படியும், மாதக்கணக்கில் நீங்காது.

தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். 2010இல் இந்திய ஆய்வகமொன்று கருவியில் அளந்தபோது அதன் காப்பு எண் ஏறத்தாழ 7. தோல் மருத்துவர்கள் கேட்பது குறைந்தது 30. சன்ஸ்கிரீனின் இடத்தை எந்தச் சமையல் எண்ணெயும் நிரப்பாது.

தைலங்களும் அவற்றின் முறையும்

கேரள ஆயுர்வேதத்தின் அடித்தளம் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். குங்குமாதி தைலத்தின் செய்முறை அதில் இருக்கிறது: குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி முதலியவற்றை ஆட்டுப்பாலோடும் நல்லெண்ணெயோடும் காய்ச்சுவது. நால்பாமராதியில் ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கு மரப்பட்டைகளோடு மஞ்சளும் சேர்கிறது. தேங்காய் எண்ணெயில் காய்ச்சினால் கேரம், நல்லெண்ணெயில் காய்ச்சினால் தைலம் என்று கடைக்காரர்களே பிரித்துச் சொல்வார்கள். பிறந்த குழந்தைக்குத் தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெய் தனி.

இந்த மரபு பூசச் சொன்ன முறையை நாம் பாதி மறந்துவிட்டோம். எண்ணெய்க் குளியலில் எண்ணெய் தேய்த்து, சற்று ஊறவிட்டு, சீயக்காயோ பயற்றம் மாவோ போட்டுக் கழுவுவார்கள். எண்ணெய் தோலில் இருந்தது சிறிது நேரம். பூச்சுக்கு வேறு விதி. முகலேபம் என்னும் முகப்பூச்சைப் பற்றி அஷ்டாங்க ஹிருதயம் சொல்வது வியப்பூட்டுகிறது: பூச்சு காய்ந்தால் நிறம் கெடும், அதை நனைத்து எடுத்துவிட்டுப் பிறகு எண்ணெய் பூச வேண்டும். ஆறு பருவங்களுக்கு ஆறு கலவை வேறு வேறாகச் சொல்கிறது. பீனிசம், அஜீரணம், உறக்கமின்மை உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று விலக்கும் தருகிறது. ஈரத் தோலில் எண்ணெய், பருவத்துக்கேற்ற மாற்றம், ஆளுக்கேற்ற விலக்கு: இன்றைய தோல் மருத்துவர் சொல்வதும் இவையே. இன்றைய வழக்கமோ இதற்கு நேர்மாறு. எண்ணெய்ப் பசையுள்ள முகத்திலும் ஏதாவதொரு தைலத்தை இரவு பூசிக் காலைவரை விடுகிறோம். ஆளும் பருவமும் பார்ப்பதில்லை. அதற்கு மரபைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

குங்குமாதியை நிறம் வெளுக்க என்று விற்பதையும் வெளிப்படையாக மறுக்க வேண்டும். தோல் மிருதுவாகி ஒளியைச் சீராகத் திருப்பும்போது முகம் பொலிவாகத் தெரிகிறது. அது எண்ணெயின் இயல்பான பயன். பிறவி நிறத்தை எந்தத் தைலமும் மாற்றாது; மாற்ற வேண்டிய குறை எதுவும் அதில் இல்லை.

குப்பியில் இருப்பது என்ன

நல்ல எண்ணெயைப் பற்றிய பேச்சு, கையில் இருப்பது அந்த எண்ணெய்தான் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 2018 டிசம்பரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 74 தேங்காய் எண்ணெய் பிராண்டுகளைத் தடை செய்தது. 2025இல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது கலப்படக்காரர்களுக்கு ஆசை இன்னும் கூடியது. பாமாயிலோ பாரஃபினோ கலந்த எண்ணெயை முகத்தில் பூசிவிட்டுத் தேங்காயைக் குறை சொல்வதில் பயனில்லை. குங்குமப்பூவின் விலையை அறிந்தவர், மிக மலிவான குங்குமாதிக் குப்பியில் அது எவ்வளவு இருக்கும் என்பதையும் கணிக்கலாம்.

சட்டமும் இந்த எண்ணெயை எந்த அலமாரியில் வைப்பது என்று நெடுங்காலம் வாதிட்டது. சிறு புட்டியில் வரும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அப்போதைய ஜி.எஸ்.டி. கணக்கில் சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், கூந்தல் எண்ணெய்க்கு 18. கூந்தல் எண்ணெய் என்று அடையாளமிட்டு விற்காதவரை அது சமையல் எண்ணெயே என்று 2024 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. முகத்துக்கு வாங்குபவருக்கும் இந்தப் பிரிவு உதவும். சமையலுக்கென்று அச்சிட்ட எண்ணெயில் வாசனைத் திரவியம் சேர்க்க மாட்டார்கள். கூந்தல் எண்ணெய் என்று அச்சிட்டதில் சேர்த்திருக்கலாம். முகத்துக்கு முன்னதே ஏற்றது.

யாருக்கு எது

பரு வரும் வயதினர், எண்ணெய் வழியும் முகத்தினர், பொடுகு உள்ளவர்கள் முகத்தில் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு இழுப்பு இருந்தால் எண்ணெய்ச் சத்து குறைந்த ஜெல் வகை மாய்ஸ்சுரைசர் போதும். தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளில் நெற்றியைத் துடைத்துவிட வேண்டும்.

ஏசி அறையில் வேலை செய்பவர்கள் இரவில் முகம் கழுவி, ஈரத்தோடு இரண்டு மூன்று சொட்டுச் சூரியகாந்தி எண்ணெயோ ஜோஜோபாவோ பூசலாம். லினோலிக் மிகுந்த எண்ணெய் சீக்கிரம் கெடும். சிறு குப்பியில் வாங்கி, வெயில் படாமல் வைத்து, சிக்கு வாடை வந்ததும் கொட்டிவிட வேண்டும்.

முதியவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, முகத்தின் சொந்தச் சுரப்பே குறைந்துவிடுகிறது. முக எண்ணெயால் மிகுந்த பயன் பெறுபவர்கள் இவர்கள்தான். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பழகிய நால்பாமராதி எதுவும் பொருந்தும். விளம்பரங்கள் இளைஞர்களையே நோக்கிப் பேசுவதால், இந்த எளிய உதவி தேவைப்படுகிறவர்களை எட்டாமல் போகிறது.

குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தகும். ஆலிவும் கடுகெண்ணெயும் வேண்டாம். கரப்பான் இருந்தால் மருத்துவரைக் கேட்டபின்பே எதையும் பூச வேண்டும். யாராக இருந்தாலும் புது எண்ணெயை முழங்கை மடிப்பில் சில நாள் பூசிப் பார்த்து, அரிப்போ கருமையோ வராவிட்டால் முகத்துக்குப் போகலாம்.

இனி வேண்டுவது

தாவர எண்ணெய்க்கு முகப் பராமரிப்பில் உறுதியான இடம் உண்டு. அந்த இடத்துக்கு எல்லை உண்டு. வறண்ட முகத்துக்கும் வறண்ட காற்றுக்கும் அது மலிவான, பயனுள்ள துணை. சுரப்பு மிகுந்த முகத்துக்கு ஈரக் காற்றில் அது சுமை. இதற்குமேல் உறுதியாகப் பேச, நம் மக்களின் முகத்தில், நம் காற்றில், நம் தைலங்களை வைத்து ஆய்வு நடக்க வேண்டும். அதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் அரிது. கிழக்கேகோட்டையிலிருந்து எம்.ஜி. ரோட்டில் வடக்கே நடந்தால் 1889இல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி வருகிறது. அதே நகரில் 1951 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நால்பாமராதி கேரம் ஒரு பக்கம், வெறும் தேங்காய் எண்ணெய் ஒரு பக்கம், சாதாரண மாய்ஸ்சுரைசர் ஒரு பக்கம் என்று மூன்று குழுக்களை வைத்து, சாலைச் சந்தையின் கடைக்காரர்களையும் டெக்னோபார்க் ஊழியர்களையும் சேர்த்து, மழைக்காலத்திலும் கோடையிலும் அளந்து பார்க்க இரு கல்லூரிகளும் கைகோத்தால் போதும். பெரிய செலவு பிடிக்காத ஆய்வு இது. தைலத்துக்குப் பெருமை சேர்ப்பதும் அதுவே, பொய்யான விளம்பரத்தின் வாயை அடைப்பதும் அதுவே.